ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது: பழைய வீட்டு எர்த்தை எங்கிருந்து சரிசெய்வது?

தென்பெண்ணைக்கரை (கேள்வி)

வணக்கம். எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில் இருக்கிறது, தாத்தா கட்டியது. கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர். முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ், பின்னால் சமையலறைக்கு மட்டும் நாட்டு ஓடு. நான் வேலைக்காக ஓசூரில் இருக்கிறேன், அங்கே அம்மா தனியாகத்தான் இருக்கிறார்.

போன ஐப்பசி மழையிலிருந்து ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறது. தரை காய்ந்திருந்தால் தெரிவதில்லை. சமையலறை கழுவி விட்ட பிறகு வெறுங்காலோடு தொட்டால் நன்றாகவே தெரியும். "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது" என்கிறார் அம்மா. சமையலறைக்கென்றே ஒரு ஜோடி வாங்கி வாசற்படியில் வைத்திருக்கிறார். எனக்கு அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை.

வயரிங் எல்லாம் சுவர்மேல் மரப்பட்டை அடித்து, தகரக் கிளிப் போட்டு ஓட்டியது. கறுப்பு உருண்டை சுவிட்சுகள். மீட்டருக்குக் கீழே மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ்கள். சமையலறை பிளக்குகளில் மூன்று ஓட்டை இருக்கிறது, மூன்றாவதற்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய எர்த் கம்பி ஒன்று பின்சுவரில் இறங்கி, குளியலறை ஓரத்தில் மண்ணுக்குள் போனதாக அம்மா சொல்கிறார். அந்தக் குளியலறையை இடித்துக் கட்டியபோது அந்த இடம் சிமெண்ட் ஆகிவிட்டது.

உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, சமையலறை லைனுக்கு மட்டும் பீங்கான் ஃபியூஸை எடுத்துவிட்டு, அதிகக் கரண்டு போனால் தானாக விழுந்து லைனை அணைக்கிற எம்சிபி சுவிட்சு போட்டுக் கொடுத்தார். "இனிமே பயமில்லை" என்றார். ஆனால் சுருக் போகவில்லை. வீடு முழுக்க வயரிங் மாற்ற வேண்டுமென்றால் சுவரைக் கொத்த வேண்டுமாம். மண் சுவர் தாங்காது என்று அம்மா சம்மதிக்கவில்லை. முழு வீட்டுக்கும் செய்ய இப்போது என்னிடம் பணமும் இல்லை.

எர்த் குழி ஒன்று போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். பக்கத்து வீட்டில் குழி எடுத்தபோது மூன்றடியிலேயே பாறை தட்டி நிறுத்திவிட்டார்கள். முதலில் எதைச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டைக்காரன்

எங்க வீட்லயும் இதே பிரச்சினை இருந்துச்சுங்க. எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கழட்டி, நியூட்ரல்ல இருந்து மூணாவது ஓட்டைக்கு ஒரு சின்ன வயர் துண்டு போட்டார். அஞ்சு நிமிஷ வேலை, அதோட சுருக்கு நின்னுடுச்சு. குழி கிழி எதுவும் வேண்டாம். அதைச் செஞ்சு பாருங்க.

பாலக்கோடு பழைய வயர்மேன்

ராயக்கோட்டைத் தம்பி, முதலில் உங்களிடம்தான் பேச வேண்டும். அந்த வயர் துண்டை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பழைய வீடுகளின் பலகையில் பீங்கான் ஃபியூஸ் இரண்டு இருக்கும். ஒன்று கரண்டு வருகிற பேஸ் கம்பியில், இன்னொன்று அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியில். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. இருந்தும் காரிமங்கலம், மாரண்டஅள்ளி பக்கமெல்லாம் வீடு வீடாக அதைப் பார்த்திருக்கிறேன். அந்த நியூட்ரல் ஃபியூஸ் உருகிவிட்டால் வீடு இருட்டாகிவிடும். கரண்டு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆனால் பேஸ் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். சுவிட்சு போட்டபடி இருக்கும் ஒரு பல்பு வழியாகவோ ஃபேன் வழியாகவோ அது நியூட்ரல் கம்பிக்குள் இறங்கும். அந்த நியூட்ரலைத்தான் நீங்கள் மூன்றாவது ஓட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அப்போது ஃபிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் நிற்கும். 60 வாட் குண்டு பல்பு வழியாக வருவது கால் ஆம்பியர்தான், ஆனால் நெஞ்சு வழியாகப் போனால் அதில் ஐந்தில் ஒரு பங்கே ஆளைக் கொல்லப் போதும். இருட்டில் மெழுகுவர்த்தி எடுக்கப் போகிறவர் ஃபிரிட்ஜ்மேல் கை வைக்க மாட்டார் என்று யார் சொல்ல முடியும்?

ஃபியூஸே போக வேண்டும் என்பதும் இல்லை. காற்று மழையில் கம்பத்தில் நியூட்ரலை இணைக்கிற ஜம்பர் கம்பி கழன்றாலும் இதேதான் நடக்கும். சுருக்கு நின்றதைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் சின்ன ஆபத்தை மறைத்துப் பெரிய ஆபத்தை உள்ளே வைத்திருக்கிறோம்.

இப்போது கேள்வி கேட்ட காவேரிப்பட்டணத்துக்காரருக்கு வருகிறேன். எம்சிபி போட்டும் சுருக்கு ஏன் போகவில்லை என்றால், எம்சிபியின் வேலையே வேறு. கம்பி தாங்குவதற்கு மேல் கரண்டு போனால் அது விழும், ஷார்ட் ஆனால் விழும். உங்கள் அம்மாவின் கையில் ஏறுகிற கரண்டு அதற்குத் தெரியவே தெரியாது. 16 ஆம்பியர் வரை சும்மா விடுவதற்கென்றே செய்த பொருள் அது.

சுருக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். மழை ஈரத்தில் கம்ப்ரசர் பக்கம் இன்சுலேஷன் தளர்ந்திருக்கலாம், ஃபிரிட்ஜ் வயர் எலி கடித்து உடம்பில் உரசிக்கொண்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்தக் கசிவு மூன்றாவது பின் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லாததால் உடம்பிலேயே தங்கி, தொடுகிற ஆள் வழியாக இறங்குகிறது. பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், எடுக்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். அந்தப் பின்னுக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகள் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ஏராளம்.

குழி போட்டால் போதுமா? நம் ஊர் மண்ணுக்குப் போதாது. மேலே ஒன்றிரண்டு அடி செம்மண், பிறகு மொரம்பு, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. தஞ்சாவூர்ப் பக்கம் வண்டலில் குழாய் இறக்கினால் எர்த்தின் மின்தடை இரண்டு மூன்று ஓமில் நின்றுவிடும், அது குறையக் குறைய நல்லது. இங்கே அதை அளக்கிற எர்த் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால் 20 ஓம், 50 ஓம் என்று காட்டும். கோடையில் இன்னும் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாகக் கடையில் கொடுக்கிற சி வகை 16 ஆம்பியர் எம்சிபி சட்டென்று விழ வேண்டுமென்றால் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் அதன் வழியே ஓட வேண்டும். 160 ஓட வேண்டுமென்றால் வழி முழுவதற்கும் சேர்த்து ஒன்றரை ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் குழி 20 ஓம் என்று வையுங்கள். பேஸ் நேராக ஃபிரிட்ஜ் உடம்பில் ஒட்டிக்கொண்டாலும் பதினொன்றரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. எம்சிபி அசையாது. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபிரிட்ஜின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நின்றுகொண்டே இருக்கும். எர்த் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் எல்லாரும் தொட்டுக்கொண்டிருப்பார்கள். பாறை ஊரில் குழியை மட்டும் நம்புவது இவ்வளவு மோசமானது.

அதனால் உங்களுக்கு முதலில் வேண்டியது ஆர்சிசிபி, அதாவது கரண்டு கசிந்தால் தானாக விழுகிற சுவிட்சு. 30 மில்லி ஆம்பியர் என்று அதன்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். 100, 300 என்றும் கடையில் உண்டு, அவை ஆளைக் காப்பாற்றும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கால் விநாடி சொச்சத்தில் இரண்டு கம்பியையும் துண்டித்துவிடும். வித்தியாசம் அதிகமானால் இன்னும் வேகம். இதற்கு ஒன்றரை ஓம் எர்த் வேண்டியதில்லை. குழி 500 ஓம் காட்டினாலும் அரை ஆம்பியர் கசியும், ஆர்சிசிபி விழுந்துவிடும். பாறைமேல் வீடு கட்டியவனுக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. தமிழ்நாட்டில் இப்போது மின் பகிர்மான விதித் தொகுப்பிலேயே இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

அதற்காக எர்த் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எர்த் கம்பி இல்லாமல் ஆர்சிசிபி மட்டும் இருந்தால், ஒருவர் தொட்ட பிறகுதான் அது விழும். பச்சை வயர் இருந்தால், ஃபிரிட்ஜில் கோளாறு வந்த நிமிஷமே யாரும் தொடுவதற்கு முன்னால் விழும். அம்மா தனியாக இருக்கிற வீடு என்கிறீர்கள். இரண்டும் வேண்டும்.

அதுவரைக்கும் அந்த ஃபிரிட்ஜை அந்த பிளக்கில் ஓட்ட வேண்டாம். செருப்பு ஈரமானால் அதுவும் கை கொடுக்காது.

அரூர் ஐடிஐ வாத்தியார்

பெரியவர் சொன்னது அத்தனையும் சரி. வேலை ஆரம்பிக்கும் முன் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அளந்துவிடுங்கள். வயர்மேன் தகுதிச் சான்று வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொரு பிளக்கிலும் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள்: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். எழுதி இங்கே போடுங்கள்.

மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. மல்டிமீட்டரை மட்டும் நம்பி எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. துருப்பிடித்து நூலாய் நிற்கிற கம்பி வழியாகக்கூட அது 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற கரண்டு அவ்வளவு சொற்பம். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்க்க வேண்டும். பேஸ்–நியூட்ரலில் எரிகிற மாதிரியே எரிந்தால் கம்பி உயிரோடு இருக்கிறது. மங்கலாக எரிந்தால், அல்லது எரியவே இல்லை என்றால், எர்த் பேருக்குத்தான். இந்தச் சோதனையில் எர்த் மோசமாக இருந்தால் மற்ற பொருட்களின் உடம்பில் கரண்டு ஏறும். அதனால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ஆர்சிசிபி போட்ட பிறகு இது வேண்டாம், பல்பைக் கொடுத்ததுமே அது விழுந்துவிடும்.

பழைய வயரை, இன்சுலேஷனை அளக்கிற 500 வோல்ட் மெக்கர் வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த லைனை வைத்துக்கொள்ளவே கூடாது.

பர்கூர் மாந்தோப்பு

எங்க வீடும் பாறை மேலதாங்க. குழி ரெண்டரை அடிக்கு மேல இறங்கல, வெடி வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். வீட்டுப் பக்கத்துல வெடியா? வேண்டாம்னுட்டோம். அப்புறம் விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து, கீழே போக வேணாம், படுக்க வச்சே போலாம்னார். ரெண்டடி ஆழத்துல வாய்க்கா மாதிரி வெட்டி, ஜிஐ பட்டையை, அதாங்க துத்தநாகம் பூசின இரும்புப் பட்டையை, படுக்கவெச்சு, மேல ஏரி வண்டல் கொட்டி மூடினோம். களிமண்ணு ஈரத்தைப் பிடிச்சுக்குது. வாய்க்கா பாத்ரூம் தண்ணி போற பக்கமாவே போகுது, அதனால கோடையிலயும் காயறதில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். போர் கேசிங் பைப்புல எர்த் கட்டிக்கலாம்னு நிறைய பேர் செய்யறாங்களே, அது சரியா?

பாலக்கோடு பழைய வயர்மேன்

பர்கூர்க்காரர் செய்தது நல்ல வேலை. எர்த்துக்கான ஐஎஸ் 3043 தரநெறியே படுக்கைப் பட்டைக்கு வழி வைத்திருக்கிறது. ஜிஐ பட்டை என்றால் 25 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் கனம், குறைந்தது 15 மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் குறையாத ஆழம். நேராக இடமில்லை என்றால் வீட்டைச் சுற்றி வளைத்துப் போகலாம். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கரி, உப்பு போட்டுக் குழி நிரப்புவது நம் ஊர் வழக்கம். உப்பு கரண்டை நன்றாகக் கடத்தும், அதே வேகத்தில் ஜிஐ குழாயையும் தின்னும். சில வருஷம் கழித்துத் தோண்டினால் குழாய் இருந்த இடத்தில் செம்பொடிதான் இருக்கும். வண்டல் அப்படிச் செய்யாது. கடையில் கிடைக்கிற பெண்டோனைட் களிமண்ணும் நல்லதுதான்.

போர் கேசிங்கை மட்டும் நம்பி எர்த் கட்ட வேண்டாம். நம் பக்கம் பாறை தட்டியதும் கேசிங்கை நிறுத்திவிடுவார்கள், அதற்குக் கீழே வெறும் துளைதான். இப்போது போடுவது பெரும்பாலும் பிவிசி கேசிங், அதில் கட்டி ஒரு பயனும் இல்லை. இரும்புக் கேசிங்காகவே இருந்தாலும், மோட்டாரில் கசிவு வந்தால் அந்தக் கரண்டு எர்த் கம்பி வழியாக உங்கள் வீட்டுக்குள் இருக்கிற பொருட்களின் உடம்புக்கு வந்து சேரும்.

எர்த்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. துணி காயப் போடுகிற கொடி. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயரைத் தாங்க ஜிஐ கம்பி ஒன்று இருக்கும், சுவரோரம் சர்வீஸ் பைப் நிற்கும். அதிலேயே ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை முருங்கை மரத்திலோ ஜன்னல் கம்பியிலோ கட்டி, இரும்புக் கம்பியில் துணி போடுவார்கள். சர்வீஸ் வயர் வெயிலில் வெடித்து அந்தப் பைப்பில் ஒட்டியிருந்தால் ஈரத்துணியோடு கை வைப்பவர் கதி என்ன? மழைக்காலத்தில் ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டில் எங்கேயாவது இப்படி உயிர் போகிறது, காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போகிறார். நைலான் கயிறு கட்டுங்கள். உங்கள் அம்மா வீட்டில் கொடி எதில் கட்டியிருக்கிறது என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

தென்பெண்ணைக்கரை

ஐயா, உடனே அம்மாவிடம் கேட்டேன். கொடி சர்வீஸ் பைப்பில்தான் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி இரும்புக் கம்பி பக்கமே போகவில்லை. கரண்டு ஆபீஸுக்குச் சொல்லி, லைன்மேன் வந்து லைனை நிறுத்திவிட்டு அவிழ்த்துக் கொடுத்தார். சர்வீஸ் வயர் பைப்புக்குள் நுழைகிற இடத்தில் உறை வெடித்திருப்பதையும் காட்டினார். அதை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்போது தோட்டத்தில் இரண்டு கல் கம்பத்துக்கு நடுவே நைலான் கயிறு.

சான்று வைத்திருக்கிற ஒருவரைக் கிருஷ்ணகிரியிலிருந்து வரவைத்து அளவு எடுத்தோம். ஃபிரிட்ஜ் பிளக்கில் பேஸ்–நியூட்ரல் 228. ஃபிரிட்ஜைச் செருகி வைத்துப் பார்த்தபோது பேஸ்–எர்த் 130 பக்கம், நியூட்ரல்–எர்த் 100 பக்கம், நிலையாக நிற்கவில்லை. கிரைண்டர் பிளக்கில் பேஸ்–நியூட்ரல் 228, பேஸ்–எர்த் 228, நியூட்ரல்–எர்த் 0. கிரைண்டர் ஓடும்போதும் அந்த 0 மாறவில்லை. அப்படியானால் கிரைண்டர் பிளக்கில் எர்த் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அங்கிருந்தே ஃபிரிட்ஜுக்கும் எர்த் இழுத்துக்கொள்ளலாமா?

பாலக்கோடு பழைய வயர்மேன்

இழுக்க வேண்டாம் அம்மா. அந்த 0தான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஃபிரிட்ஜ் பிளக்கின் கதை தெளிவு. மூன்றாவது ஓட்டை அந்தரத்தில் நிற்கிறது, கம்பி இல்லை அல்லது அறுந்துவிட்டது. உடம்பில் கசிந்த வோல்டேஜ் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது.

கிரைண்டர் பிளக்கைப் பாருங்கள். உண்மையான எர்த் மண்ணிலிருந்து தனியாக வருகிறது. லோடு ஓடும்போது நியூட்ரல் கம்பியில் கொஞ்சம் வோல்டேஜ் விழும், அதனால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றோ இரண்டோ வோல்ட்டாவது காட்ட வேண்டும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் துல்லியமாக 0 என்றால் அந்த இரண்டும் ஒரே கம்பி. பிளக்குக்குள் யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். ராயக்கோட்டைத் தம்பி வீட்டில் நடந்ததுதான் இங்கேயும். மெயினை அணைத்துவிட்டு அந்த பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், பலகையில் மிச்சம் இருக்கிற பீங்கான் ஃபியூஸில் எது நியூட்ரலில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

தென்பெண்ணைக்கரை

ஐயா சொன்னபடியே இருந்தது. கறுப்பு முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குல வயர், மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி. எப்போது யார் போட்டது என்று அம்மாவுக்கு நினைவில்லை. எடுத்துவிட்டோம். மீட்டர் பலகையில் நியூட்ரலிலும் பீங்கான் ஃபியூஸ் இருக்கிறது. உருகிப் போன கம்பிக்குப் பதிலாக யாரோ தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜும் கிரைண்டரும் இப்போது ஓடவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் மாவு ஆட்டிக்கொள்கிறார். எதை முதலில் செய்வது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பணத்தை இரண்டு தவணையாகத்தான் புரட்ட முடியும்.

பாலக்கோடு பழைய வயர்மேன்

முதல் தவணையில் மெயினையும் சமையலறை, குளியலறையையும் முடித்துவிடுங்கள். ஆள் ஈரத்தோடு நிற்கிற இடங்கள் அவைதான். கூடத்து லைட்டும் ஃபேனும் காத்திருக்கும்.

மரப்பலகையையும் பீங்கான் ஃபியூஸையும் கழற்றிவிட்டு மெயின் சுவிட்சும் எம்சிபிகளும் உட்காருகிற சின்ன டிபி பெட்டி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே விழுகிற இரட்டை முனை மெயின், அதற்கடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, பிறகு லைன் லைனாக எம்சிபி. ஆர்சிசிபிக்கு ஓவர்லோடு தெரியாது, எம்சிபிக்குக் கசிவு தெரியாது. இரண்டையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சுவரைக் கொத்தவே வேண்டாம். மண் சுவரைக் கொத்தினால் அம்மா பயப்படுகிற மாதிரிதான் ஆகும். பிவிசி கேசிங் கேப்பிங்கை, அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டையை, சுவர்மேலேயே ஓட்டலாம், உங்கள் மரப்பட்டை போன வழியிலேயே போகும். பார்க்க அழகில்லை என்பார்கள். நாளைக்கு ஒரு லைனைச் சோதிக்க மூடியைக் கழற்றினால் போதும் என்பது எனக்குப் பெரிய அழகு. சமையலறைக்கு டிபியிலிருந்து புது லைன்: ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸிக்கு இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், கீசர் இருந்தால் அதற்கு நாலு ஸ்கொயரில் தனி லைன். ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர், நடுவில் ஒட்டுப் போடாமல் டிபியின் எர்த் கட்டை வரைக்கும். வயர்மேல் ஐஎஸ் 694 என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பழைய லைனோடு புது வயரை ஒட்டுப் போட விடாதீர்கள். அந்தக் காலத்தில் செம்புத் தட்டுப்பாடு வந்து அலுமினிய வயர் நிறையப் போட்டார்கள். அலுமினியமும் செம்பும் முறுக்கி ஒட்டின இடம் அரித்து, தளர்ந்து, சூடேறும். ஓட்டுக்குக் கீழே மரச்சட்டம் இருக்கிற சமையலறையில் அது தீ வைப்பதற்குச் சமம். பழைய ரப்பர் உறை வயரைத் தொட்டு வளைத்தாலே பிஸ்கட் மாதிரி உதிரும், அதனால் மாற்றாத அறைகளில் அதை ஆட்டாமல் விடுங்கள். அந்த லைனுக்கு 6 ஆம்பியர் எம்சிபிக்கு மேல் போட வேண்டாம். கூடத்து பிளக்கில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எதுவும் செருக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

எர்த்துக்கு, பர்கூர்க்காரர் சொன்ன வாய்க்கால். உங்கள் ஊரில் ஏரி வண்டலுக்குப் பஞ்சமில்லை. கம்பியைப் பட்டையோடு போல்ட் போட்டு முறுக்குகிற இடத்தில் சின்னத் தொட்டி கட்டி மூடி போடுங்கள். குளியலறையை மறுபடி கட்டும்போது இன்னொருவர் சிமெண்டுக்குள் புதைத்துவிடக் கூடாது.

ஃபிரிட்ஜைப் புது லைனில் செருகியதும் ஆர்சிசிபி விழுந்தால் ஆர்சிசிபியைக் குறை சொல்லாதீர்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "அடிக்கடி விழுதே, எடுத்துடலாம்" என்று எத்தனை பேர் அதைக் கழற்றி நேராக இணைத்திருக்கிறார்கள் என்று பார்த்து நொந்திருக்கிறேன். விழுவதுதான் அதன் வேலை.

அரூர் ஐடிஐ வாத்தியார்

காரணமில்லாமல் விழுவதுபோல் தெரிந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வயரிங்கில் ஒரு அறையின் நியூட்ரலை இன்னொரு அறையிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள். அந்தக் கம்பி ஆர்சிசிபிக்கு வெளியே எங்காவது சேர்ந்தால் லைட் போட்டதும் விழும். பழைய லைன்களையும் ஆர்சிசிபிக்குப் பின்னால் கொண்டுவரும்போது எல்லா நியூட்ரலும் அதன் நியூட்ரல் கட்டையிலேயே முடிகிறதா என்று உங்கள் வயர்மேனிடம் கேளுங்கள்.

ராயக்கோட்டைக்காரன்

ஐயா, எங்க வீட்ல அந்த வயர் துண்டை எடுத்தாச்சு. எடுத்ததும் வாஷிங் மெஷின்ல சுருக்கு திரும்ப வந்துடுச்சு. அதனால பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்கோம். எங்ககிட்ட இன்வெர்ட்டர் இருக்கு, அதையும் ஆர்சிசிபியோட சேர்க்கலாமா?

பாலக்கோடு பழைய வயர்மேன்

பிடுங்கி வைத்தது நல்லது தம்பி. இன்வெர்ட்டரிலிருந்து போகிற லைட், ஃபேன் லைன்களின் நியூட்ரல் இன்வெர்ட்டரின் வெளி நியூட்ரலோடு மட்டும் இருக்க வேண்டும். டிபியின் மற்ற நியூட்ரல் கட்டையில் அதைச் சேர்த்தால் ஆர்சிசிபி நிற்காமல் விழும். இன்வெர்ட்டரின் உள்ளே போகிற லைன் ஆர்சிசிபிக்குப் பின்னால் வரட்டும். ஆனால் கரண்டு போய் பேட்டரியில் ஓடும்போது முன்னால் இருக்கிற ஆர்சிசிபி காவலுக்கு வராது. அதனால் வாஷிங் மெஷின், கீசர், கிரைண்டரை இன்வெர்ட்டர் லைனில் போடவே வேண்டாம்.

இரண்டு பேருக்கும்: ஆர்சிசிபியில் டி என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

தென்பெண்ணைக்கரை

வயர்மேன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வாய்க்கால் வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது, வண்டல் ஒரு டிராக்டர் வருகிறது. பட்டை 15 மீட்டரும் போட்ட பிறகு எர்த் மெக்கரில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுகிறேன் ஐயா.

பாலக்கோடு பழைய வயர்மேன்

மூடுவதற்கு முன்னால் ஒரு அளவு, மூடித் தண்ணீர் ஊற்றிய மறுநாள் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. வருகிற சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போது இன்னொரு தடவை. அந்த மூன்றையும் டிபி மூடிக்கு உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிற வயர்மேனுக்கு அது வேண்டும்.